அட்டவணையில் இல்லாத படிகம்: சாயல் இரசாயனங்களைச் சட்டம் எப்படிப் பிடிக்கிறது?

கொழும்பில் ‘ஐஸ்’ என்று பிடிபடும் வெண்படிகம் எல்லாம் ஐஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஐஸ் என்பது மெதம்பெட்டமைன். அதன் மூலக்கூறில் 10 காபன், 15 ஐதரசன், 1 நைதரசன். என்-ஐசோபுரொப்பைல்பென்சைலமைன் என்ற இன்னோர் இரசாயனத்திலும் அதே 10, 15, 1 தான். மூலக்கூற்று நிறையும் ஒன்றே: 149.23. இரண்டையும் ஹைட்ரோகுளோரைட்டு உப்பாக்கிப் படிகமாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. முன்னது உலகெங்கும் தடைசெய்யப்பட்டது. பின்னது தொழிற்சாலை இரசாயனம். ஐஸில் கலப்படம் செய்யவும், ஐஸ் என்று சொல்லி ஏமாற்றி விற்கவும் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. இரண்டாம்நிலை அமைன்களுக்கு நீல நிறம் காட்டும் களச் சோதனைத் துளியை இட்டால் இரண்டுமே நீலமாகலாம், ஏனென்றால் இரண்டுமே இரண்டாம்நிலை அமைன்கள்.

இதே 10, 15, 1 கணக்கில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஃபென்டர்மின். பசியைக் குறைக்க வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரை. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளவியல் பொருட்கள் உடன்படிக்கையில் மிக இலகுவான 4ஆம் அட்டவணையில் இருக்கிறது. ஆய்வுகூடத்தின் நிறை நிறமாலைமானியில் மெதம்பெட்டமைனுக்கு மிக உயரமாக எழும் கோடு 58. ஃபென்டர்மினுக்கும் அதே 58. வாயு நிறப்பகுப்புக் குழாயைக் கடந்து வெளிவர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத் தூய மாதிரியோடு ஒப்பிட்டால்தான் எது எது என்று உறுதியாகச் சொல்லலாம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அடுக்கிய விதம்தான் வேறு. அந்த அடுக்கில்தான் ஒருவருக்கு ஆயுள் தண்டனையா, இன்னொருவருக்கு வைத்தியரின் சீட்டா என்பது தீர்மானமாகிறது.

தடைசெய்யப்பட்ட ஒன்றின் சாயலில் இருந்துகொண்டு, அதன் பெயரில் இல்லாத இரசாயனத்தைச் சட்டம் என்ன செய்யும்? ஆங்கிலம் பேசும் நாடுகள் இதை ‘அனலாக்’ என்கின்றன. இங்கே ‘சாயல் பொருள்’ என்று வைத்துக்கொள்வோம். ‘நமக்கும் ஓர் அனலாக் சட்டம் வேண்டும்’ என்ற குரல் இங்கேயும் கேட்கிறது.

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அதற்குப் பல்லைப் பொருத்தியது 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம். 54அ பிரிவும் அதனோடு சேர்ந்த அட்டவணையும் ஒரு பலசரக்குக் கடைப் பட்டியல் மாதிரி: ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் நிறை. ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும், கொக்கெய்ன் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபின் 500 கிராம், கஞ்சா 5 கிலோ. இந்த அளவைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் மெதம்பெட்டமைனை 5 கிராம் என்ற அளவோடு உள்ளே கொண்டுவந்தது. அதே திருத்தம் பிணையையும் இறுக்கியது: அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைப்படி தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்து, குற்றம் மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரியதாகவும் இருந்தால், விசேட காரணம் காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் பிணை கேட்க வேண்டும்.

‘தூய அளவு’ என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். நிறுத்தால் 20 கிராம் இருக்கும் பழுப்புத் தூளில் ஹெரோயின் 8 சதவீதம் என்றால் வழக்குக்கு எடுபடுவது 1.6 கிராம், அந்த 2 கிராம் எல்லைக்குக் கீழே. அதே 20 கிராமில் 12 சதவீதம் என்றால் 2.4 கிராம்; குற்றப்பத்திரத்தின் முகமே மாறிவிடும். ஆகவே கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு போதைப்பொருள் வழக்கின் முதுகெலும்பு பொலிஸ்காரரின் சாட்சியத்தை விடவும் பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்திலிருந்து வரும் அந்த அறிக்கைதான். அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு நிறை இருக்க வேண்டும். 54அ அட்டவணையில் ‘இவற்றைப் போன்ற பிற’ என்று ஒரு வரி கிடையாது. பெயர் இல்லையென்றால் அந்தப் பிரிவின் கீழ் குற்றமும் இல்லை.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது இந்த நூற்றாண்டின் இணையக் கடைகள் அல்ல. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை ஹெரோயினைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தியது. ஹெரோயின் என்பது மோர்பினோடு இரண்டு அசெற்றைல் கூட்டங்களைச் சேர்த்தது. உடனே ஐரோப்பிய மருந்து உற்பத்தியாளர்கள் அசெற்றைலுக்குப் பதிலாக பென்சோயிலைச் சேர்த்தார்கள், அல்லது ஒரு பக்கம் அசெற்றைல், மறுபக்கம் புரொப்பியொனைல். போதை கிட்டத்தட்ட அதேதான், பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. 1931ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்குப் பதில் எழுதியது: ‘டைஅசெற்றைல்மோர்பினும் மோர்பினின் ஏனைய எஸ்தர்களும் அவற்றின் உப்புகளும்’. பெயரை விட்டுவிட்டு ஒரு குடும்பத்தையே பிடித்த முதல் வாசகங்களில் இது ஒன்று. ‘உப்புகள், எஸ்தர்கள், ஈதர்கள், சமபகுதியங்கள்’ என்று 1961 உடன்படிக்கையிலும் பல நாட்டுச் சட்டங்களிலும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வால் அந்தக் காலத்துப் பழக்கம்.

அந்த வாலில் மிகவும் வம்பு பிடித்த சொல் ‘சமபகுதியம்’: அதே அணுக்கள், வேறு அடுக்கு. எந்தச் சமபகுதியம்? வெறும் அணு எண்ணிக்கையை எடுத்தால் மெதம்பெட்டமைன் தடையில் ஃபென்டர்மினும் அந்தத் தொழிற்சாலை இரசாயனமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். வலக்கை, இடக்கை போன்ற கண்ணாடிப் பிம்ப வடிவங்களை மட்டும் எடுத்தால் அவை வெளியே போய்விடும். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: மெதம்பெட்டமைனின் இடக்கை வடிவம் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கப்பட்டு வந்தது. ஆகவே சட்டம் எழுதுபவர் ‘திண்ம சமபகுதியம்’ என்பதா, ‘இடநிலை சமபகுதியம்’ என்பதா என்று ஒரு சொல்லை வைக்காமல் விட்டால், அந்த வேலையைப் பின்னால் நீதிபதி செய்ய வேண்டிவரும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1979ல் கலிபோர்னியாவில் ‘சைனா வைட்’ என்ற பெயரில் ஒரு தூள் ஆட்களைக் கொன்றது. ஹெரோயின் என்று பார்த்தால் ஹெரோயின் இல்லை. செயற்கை வலிநிவாரணியான ஃபெண்டனிலோடு ஒரே ஒரு மெத்தைல் கூட்டம் சேர்ந்த அல்ஃபா-மெத்தைல்ஃபெண்டனில். 1982ல் அதே மாநிலத்தில் இன்னொன்று. நம் வைத்தியசாலைகளுக்குப் பழக்கமான வலிநிவாரணி பெதிடினின் சாயலில் ஒருவகைத் தூள் தயாரித்து விற்றார்கள். தயாரிப்பில் தவறு நேர்ந்து எம்பிடிபி என்ற பக்கவிளைபொருள் கலந்துவிட்டது. அது மூளையில் டோபமைன் சுரக்கும் கலங்களைக் கொன்றது. இளவயதினர் சில நாட்களில் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசையாமல் உறைந்து போனார்கள். சாயல் பொருள் என்றால் ‘சட்டத்துக்குள் அடங்காத அதே சரக்கு’ என்று நினைத்து வாங்குபவர் மறந்துவிடும் விஷயம் இது: அதே சரக்காக இருக்கும் என்பதற்கு அங்கே யாரும் பிணை நிற்பதில்லை.

1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் அனலாக் சட்டத்தை நிறைவேற்றியது. மனித நுகர்வுக்கென்று விற்கப்படும் சாயல் பொருளை, மிகக் கடுமையான முதலாம் அட்டவணைப் பொருளாகவே நடத்தலாம். எது சாயல்? இரசாயன அமைப்பு, முதலிரு அட்டவணைகளில் உள்ள ஒன்றோடு ‘கணிசமாக ஒத்திருக்க’ வேண்டும். அதோடு நரம்புத் தொகுதியில் அதன் விளைவு கணிசமாக ஒத்தோ மிஞ்சியோ இருக்க வேண்டும், அல்லது அப்படி இருக்கும் என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில்தான் அது நொண்டுகிறது.

‘கணிசமாக ஒத்தது’ என்பது இரசாயனவியலில் இல்லாத அளவுகோல். கொதிநிலை, மூலக்கூற்று நிறை எல்லாம் அளக்கலாம். ஒத்திருப்பதை எதனால் அளப்பது? 1992ல் கொலராடோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் அல்ஃபா-எத்தைல்டிரிப்டமைன் என்ற பொருள் டிஎம்டி என்ற மாயக்காட்சிப் பொருளை ஒத்ததா என்று வாதாடினார்கள். இரசாயனவியல் நிபுணர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. நிபுணர்களுக்கே தெளிவில்லாததை விற்றவர் எப்படித் தெரிந்திருப்பார் என்று கேட்டு, அந்தப் பொருளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவற்றது என்றார் நீதிபதி. இத்தனைக்கும் அந்தப் பொருள் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே மனச்சோர்வுக்கு மருந்தாகக் கடையில் இருந்தது. இன்னொரு தொல்லை: ஒரு வழக்கில் ‘சாயல் பொருள்’ என்று தீர்ந்தாலும் அடுத்த வழக்கில் மீண்டும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். வேறு ஜூரிகள் வேறு முடிவு சொல்லலாம்.

‘மனித நுகர்வுக்கு அல்ல’ என்று பையில் அச்சடித்துக் குளியல் உப்பு என்றும் செடி உரம் என்றும் விற்றது இந்தச் சட்டத்தின் நேரடிப் பிள்ளை. அந்த வாசகம் தனியே யாரையும் காப்பாற்றாது. அரைக் கிராம் செடி உரத்தை அந்த விலைக்கு வாங்கி யார் ரோஜாவுக்குப் போடுவார்கள் என்று நீதிமன்றமும் கேட்கும். ஆனால் விற்றவரின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் அரச தரப்புக்குக் கூடிவிடுகிறது. 2015ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது: பொருள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்றாவது, அதைச் சாயலாக்கும் தன்மைகள் அதற்கு உண்டு என்றாவது குற்றவாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கஞ்சாவின் போதையைப் போலச் செய்யும் செயற்கைக் கனபினொயிட்டுகள் வந்தபோது இந்த முறை இன்னும் திணறியது. 2008 இறுதியில் ஜெர்மன், ஒஸ்திரிய ஆய்வுகூடங்கள் ‘ஸ்பைஸ்’ என்ற மூலிகைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோது, உலர்ந்த இலையில் தெளிக்கப்பட்டிருந்த பொருட்களில் ஒன்று ஜேடபிள்யூஎச்-018. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் ஆராய்ச்சிக்காக உருவாக்கியது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி பொருந்தும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது, டிஎச்சியை விட வலுவாக. ஆனால் காகிதத்தில் இரண்டு மூலக்கூறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாவி வேறு, பூட்டு ஒன்று. ‘அமைப்பு ஒத்திருக்க வேண்டும்’ என்ற சட்டம் இங்கே கையைப் பிசைந்தது.

பிரித்தானியாவின் வழி இரசாயனவியலாளருக்குப் பிடித்த வழி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைக்குள் ‘இன்ன எலும்புக்கூடு, அதில் இன்ன இன்ன இடங்களில் இன்ன மாற்றங்கள்’ என்று குடும்பத்தையே வரையறுத்து எழுதுவது. மூலக்கூறு உள்ளே வருகிறதா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்ற விடை உண்டு. ‘கணிசமாக’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மெஃபெட்ரோன் என்ற தூண்டுபொருளை 2010 ஏப்ரலில் தடுத்தபோது அது சேர்ந்த கத்தினோன் குடும்பத்தையே இப்படி எழுதினார்கள். ஆனால் அந்த வாசகத்தின் முதல் வரியிலேயே ‘புப்ரோப்பியன் நீங்கலாக’ என்று போட வேண்டியிருந்தது. புகைப்பழக்கத்தை விட உதவும் அந்த மாத்திரையும் எலும்புக்கூட்டில் கத்தினோன்தான்.

2016ல் செயற்கைக் கனபினொயிட்டுகளுக்கு எழுதிய வரையறையில் இந்த விதிவிலக்குப் பட்டியல் இன்னும் நீண்டது. அதிலுள்ள இரண்டு பெயர்களை வெள்ளவத்தை மருந்துக்கடை எதிலும் தினமும் கேட்கலாம்: அற்றோர்வஸ்டற்றின், லோசாட்டன். கொலஸ்ட்ரோலுக்கும் பிரஷருக்கும் நம் அம்மாமாரும் அப்பாமாரும் விழுங்கும் மாத்திரைகள். வலையின் கண்ணை அகலமாகப் பின்னியதில் அவையும் விழுந்துவிடும் என்று யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்கள். குடும்ப வரையறை வேண்டும் என்று இங்கே கேட்பவர்கள் இந்த வேலையையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மருந்துப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறையும் அந்த வாசகத்தோடு பொருத்திப் பார்க்காமல் வர்த்தமானியில் போட்டால், முதலில் மாட்டுவது மருந்து இறக்குமதியாளர்தான்.

விளைவை மட்டும் பார்க்கும் சட்டங்களும் உண்டு. அயர்லாந்து 2010ல், பிரித்தானியா 2016 மே 26 முதல், சிங்கப்பூர் 2024 ஜூன் 1 முதல். நரம்புத் தொகுதியைத் தூண்டி அல்லது மந்தமாக்கி மனநிலையை மாற்றும் எதுவும் குற்றம் என்று தொடங்கி, மதுசாரம், புகையிலை, கோப்பி, உணவு, மருந்து என்று விலக்குவது. வெற்றிலைத் தட்டோடு வாழும் நாட்டில் இப்படி எழுதினால் பாக்குக்கும் ஒரு விலக்கு எழுத வேண்டும். பாக்கிலுள்ள அரெகொலின் நரம்பில் வேலை செய்கிற பொருள்தான். பிரித்தானியச் சட்டம் வைத்திருப்பதைப் பொதுவாகக் குற்றமாக்கவில்லை, விற்பதைத்தான் பிடிக்கிறது என்பதையும் இங்கே எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

சீனா 2019 மே 1 முதல் ஃபெண்டனில் குடும்பம் முழுவதையும் தடைசெய்தது. ஃபெண்டனில் சாயல்கள் வெளிப்படையாக விற்பது குறைந்தது. சந்தையில் அதன்பின் தலைதூக்கியவை நைட்டசீன்கள். 1950களில் சுவிற்சர்லாந்தின் பாசலில் வலிநிவாரணிக்காக ஆராய்ந்து மருந்தாக்காமல் விட்டவை, ஃபெண்டனிலோடு உருவத்தில் உறவே இல்லாதவை. ஒரு குடும்பத்துக்குக் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் குடும்பம் வருகிறது. அதனால்தான் வியன்னாவில் கூடும் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு இப்போது போதைப்பொருள் தயாரிக்க உதவும் மூலப்பொருள் இரசாயனங்களையும் ஒவ்வொன்றாக அன்றி நெருங்கிய தொகுதிகளாக அட்டவணையில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. இலங்கையில் மூலப்பொருட்களுக்கு 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 1988 ஐ.நா. உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கியது அது.

நிறை எல்லைகளும் சாயல் பொருட்களிடம் அர்த்தமிழக்கின்றன. ஃபெண்டனில் மோர்பினை விடச் சுமார் 100 மடங்கு வலு. யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்கும் கார்ஃபெண்டனில் சுமார் 10,000 மடங்கு. 2 கிராம் ஹெரோயினை மரண தண்டனைக் கோடாக வைத்த கணக்கை அப்படியே எடுத்து ஒரு நைட்டசீனுக்குப் போட்டால், ஒரு நகரத்துக்கே போதுமான அளவு வைத்திருப்பவர் கோட்டுக்குக் கீழே நிற்பார். மறுபக்கம், வலுக்குறைந்த ஒரு சாயலுக்கு அதே 2 கிராம் அநியாயமாகப் பெரிய தண்டனை.

பெயர் எப்படிக் குழப்பும் என்பதற்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபடும் ‘குஷ்’ நல்ல உதாரணம். பாங்கொக்கிலிருந்து பயணப்பெட்டிகளில் வருவது பெரும்பாலும் டிஎச்சி மிகுந்த கஞ்சாப் பூ. சியெரா லியோனில் இளைஞர்களைக் கொன்று, 2024 ஏப்ரலில் அந்நாட்டைத் தேசிய அவசரநிலை அறிவிக்க வைத்த ‘குஷ்’ வேறு சரக்கு; செயற்கைக் கனபினொயிட்டுகளும் நைட்டசீன்களும் அதில் கண்டுபிடிக்கப்பட்டன. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஓடின. முன்னது கஞ்சா என்ற பெயரின் கீழ், 5 கிலோ எல்லையோடு, சட்டத்துக்குள் சுலபமாக அடங்கும். பின்னது வந்தால் அந்த அட்டவணையில் எந்த வரியில் வைப்பது?

நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் மாத்திரைகளும் அடிக்கடி பிடிபடுகின்றன. அது மூளையின் காபா என்ற இயற்கைப் பொருளின் சாயலில் செய்தது. ஆனால் காபா தடைசெய்யப்பட்ட பொருளே அல்ல. ஆகவே அமெரிக்க முறைப்படி எழுதிய சாயல் சட்டம் இருந்தாலும் பிரிகாபலினைத் தொடாது. அதற்கு வழி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் பக்கம்: பதிவு, உரிமம், மருந்துச் சீட்டு.

எனவே ‘நமக்கும் ஓர் அனலாக் சட்டம் வேண்டும்’ என்ற குரலோடு ஒத்துப்போக முடியவில்லை. சட்டப்புத்தகத்தில் மரண தண்டனை இருக்கிறது. 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தீர்ப்புகள் தொடர்கின்றன, பிணை இல்லாமல் வருடக்கணக்கில் விளக்கமறியலும் தொடர்கிறது. அப்படிப்பட்ட தண்டனையை ‘கணிசமாக ஒத்தது’ என்ற அளவுகோலில் தொங்கவிடக் கூடாது. எலும்புக்கூட்டையும் மாற்றங்களையும் விதிவிலக்கு மருந்துகளையும் சேர்த்தெழுதிய குடும்ப வரையறை, அதன் கீழ் வருபவற்றுக்குத் தனியான, மரண தண்டனை இல்லாத தண்டனை அளவு, திடீரென்று தோன்றுவதற்குப் பிரித்தானியாவில் இருப்பது போல 12 மாதத் தற்காலிகத் தடை: இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

ஆனால் எந்த வாசகம் எழுதினாலும் ஆய்வுகூடம் அதைத் தாங்க வேண்டும். ஒரு பொருளை உறுதியாக அடையாளம் காண, அதே பொருளின் தூய ஒப்பீட்டு மாதிரி கையில் இருக்க வேண்டும். புதிய சாயல்களுக்கு அவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். சில மில்லிகிராமுக்கே விலை அதிகம், இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஃபுளோரின் அணு வளையத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கிறதா, மூன்றாம், நான்காம் இடத்திலா என்பதை வழமையான நிறை நிறமாலை பெரும்பாலும் பிரித்துச் சொல்லாது. அதற்கு அகச்சிவப்பு நிறமாலையோ அணுக்கருக் காந்தப் பரிவோ வேண்டும். தடை அந்த இடத்தைப் பொறுத்து எழுதப்பட்டிருந்து, அறிக்கை இடத்தைச் சொல்லாவிட்டால், குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியிலேயே வழக்கு ஆட்டம் காணும். மர்க்கிஸ் என்ற களச் சோதனைத் துளியின் நிறத்தை மட்டும் வைத்து, ஊதா என்றால் அபின் வகை, செம்மஞ்சள் பழுப்பு என்றால் அம்பெட்டமைன் வகை என்று சொல்வது சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது.

அறிக்கை கைக்கு வந்ததும் சட்டத்தரணிகள் பார்க்க வேண்டியவை சில. பொருளின் முழு இரசாயனப் பெயர் இருக்கிறதா, அல்லது ‘அம்பெட்டமைன் வகை’ என்ற பொதுப்பேச்சா? நிறை உப்பாகக் கணக்கிடப்பட்டதா, தூய காரமாகவா? மெதம்பெட்டமைன் ஹைட்ரோகுளோரைட்டு 6 கிராமில் காரம் 5 கிராமுக்குச் சற்றுக் கீழே வரும், 149.23ஐ 185.69ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 80 சதவீதம். எந்த முறையில், எந்த ஒப்பீட்டு மாதிரியோடு? கடைசியாக இரண்டு திகதிகள்: அந்தப் பொருளின் பெயரோ குடும்பமோ சட்டத்துக்குள் வந்த திகதி, சந்தேகநபர் கைதான திகதி. அரசியலமைப்பின் 13(6) உறுப்புரைப்படி, செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னால் யாரையும் குற்றவாளியாக்க முடியாது. முதல் திகதி இரண்டாவதற்குப் பிந்தியிருந்தால், பையில் எத்தனை கிராம் இருந்தது என்ற வாதத்துக்கே போக வேண்டியதில்லை.